இன்னவும் என்னவும்

நான் கோல் கீப்பரானது வீரத்தால் அல்ல, பயத்தால். நடுவில் ஓடி விளையாடினால் எவன் எந்தப் பக்கத்திலிருந்து வந்து காலைத் தட்டுவான் என்று தெரியாது. கோல் வாசலில் நின்றால் வருகிறவன் எல்லாம் முன்னாலிருந்துதான் வருவான். பன்னிரண்டு வயதில் இப்படி யோசித்துத்தான் இரண்டு கம்புகளுக்கு நடுவில் போய் நின்றேன். திருகோணமலையில் எங்கள் மைதானத்து மான்களுக்கும் அதே இடம்தான் பிடிக்கும். கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து கோல் வாசலில் படுத்துக் கிடக்கும். அவற்றை எழுப்பி விரட்டி, புழுக்கையைக் காலால் தள்ளிவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்குவோம்.

பயந்தாங்கொள்ளி என்றாலும் எனக்கு வாய் மட்டும் ஓயாது. "விடு, நான் எடுக்கிறன்!" "அங்கேயே நில், என்ன!" "அவனைப் பிடி, என்ன!" என்று ஆட்டம் முடியும்வரை கத்திக்கொண்டே இருப்பேன். மைதானத்துக்கு அடுத்த தெருவில் இருந்த எங்கள் அக்கா, என் சத்தத்தை வைத்தே யார் வெல்கிறார்கள் என்று சொல்லிவிடுவதாகப் பகிடி பண்ணுவாள்.

அந்த 'என்ன' பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு 'என்ன' போடுவோம். அது கேள்வி அல்ல. சொன்னது விளங்கியதுதானே, மறந்துபோகாதே என்று கையைப் பிடித்து ஒரு தரம் அழுத்துவது போன்ற சொல். "போயிட்டு வா, என்ன." "கவனம், என்ன." அம்மா அந்தச் சொல் இல்லாமல் என்னைக் கடைக்குப் பாண் வாங்கக்கூட அனுப்பியதில்லை.

பதினெட்டு வயதில் மாவட்ட உதைபந்தாட்ட அணிக்கு விளையாடினேன். இரண்டு மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. முழுக்க முழுக்கச் சிங்களம். அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகுகளின் இயந்திரம் திருத்துகிறவர். எந்த இயந்திரத்தோடும் மல்லுக்கட்டுவார், ஆனால் சிங்களம் வாசிக்கத் தெரியாது. கடித உறையை மட்டும் இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "மகனுக்குக் கொழும்பால கடிதம்" என்று வேலைத்தளம் முழுவதும் காட்டித் திரிந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று வாசித்துச் சொல்லப் பிறகுதான் அத்தானிடம் கொடுத்தார்.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். கொழும்பில் ஒரு கந்தோரில் எட்டு வருடம் வேலை பார்த்தவர். கடிதம் வருவதற்கு இரண்டு வருடம் முந்திய இனக் கலவரத்தில், அவர் வந்த பஸ்ஸை மறித்து ஏறியவர்கள், தமிழரைக் கண்டுபிடிக்க ஒவ்வொருவரையும் சிங்களத்தில் கதைக்கச் சொல்லிக் கேட்டார்களாம். அத்தானின் சிங்களம் நல்ல சிங்களம். ஆனால் அன்றைக்கு ஒரு சொல் வாயில் பிசகிவிட்டது. எந்தச் சொல் என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை. முன்பல் இரண்டு இல்லாமல், யாரோ கொடுத்த சாரத்தைக் கட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். அதன் பிறகு வெளியே போனால் வாய் திறப்பதில்லை. எங்கள் ஊர்க் கடையிலேயே, தமிழ்க் கடையிலேயே, வேண்டிய சாமானை விரலால்தான் காட்டுவார்.

அத்தான் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். "நாட்டு இளைஞர் அணிக்கு ஆள் தெரிவு செய்யினம். முப்பது பேரைக் கூப்பிட்டிருக்கினம். ஒரு கிழமை கொழும்பில நிக்கவேணும். கடைசியில பதினெட்டுப் பேரை எடுத்து ஆசியப் போட்டிக்கு வெளிநாட்டுக்குக் கொண்டுபோவினம்." கடிதத்தை மடித்து அப்பாவிடம் நீட்டினார். "விடாதேங்கோ மாமா."

அப்பா கதிரையில் இருந்தபடி முகட்டைப் பார்த்தார். முழுத் துறைமுகத்துக்கும் உறையைக் காட்டிவிட்டார், இனி என்ன செய்வார். "இனி நிப்பாட்ட ஏலாது" என்றார். அவருடைய பெருமைதான் என்னைக் கொழும்புக்கு அனுப்பியது என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்குப் போகப் பயம். போகாமல் விடவும் பயம். நாட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஏதோ ஒரு தேசத்தின் மைதானத்தில் நான் நிற்கிறேன் என்று திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பேன். அதைப் போல எதற்கும் நான் அதற்கு முன் ஆசைப்பட்டதில்லை, பின்பும் ஆசைப்பட்டதில்லை. கலியாணத்தைக்கூட இதில் சேர்க்கவில்லை, மனைவி கோபிக்கட்டும்.

புறப்படுகிற காலையில் வழக்கம்போலச் சாமிப் படத்துக்கு முன்னால் நின்று திருநீறு பூசினேன். அம்மா படலைவரை வந்தாள். பிறகு ஏதோ நினைத்தவளாகச் சேலைத் தலைப்பை எச்சிலில் நனைத்து என் நெற்றியை அழுத்தித் துடைத்தாள். ஒரு நாளாவது பூச மறந்தால் ஏசுகிற அம்மா. துடைத்துவிட்டு, சரியாகப் போய்விட்டதா என்று வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"கவனம், என்ன" என்றாள். அத்தான் என் தோளில் கை வைத்தார். "அங்க வாயைத் திறக்காதை, என்ன."

அப்பா கொழும்புவரை கூட வந்தார். பயிற்சி முகாம் ஒரு பெரிய பாடசாலை மண்டபத்தில். முப்பது கட்டில்கள். என்னை அங்கே விட்டுவிட்டு, வேலைக்கு லீவு இல்லை என்று திரும்பிவிட்டார். கீப்பர்கள் நாங்கள் மூன்று பேர். இரண்டு பேரை எடுப்பார்கள் என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. தமிழ் தெரிந்த கொழும்புப் பெடியன்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் சிங்களத்திலேயே கதைத்துச் சிரித்தார்கள், என் பக்கம் திரும்பவேயில்லை. அப்போது அவர்கள் மேல் ஆத்திரமாக இருந்தது. பயம் எனக்கு மட்டும் உரிய சொத்தல்ல என்பது பிறகுதான் விளங்கியது.

அத்தான் சொன்னபடி வாயைத் திறக்காமல் இருந்தேன். சாப்பாட்டு வரிசையில் விரலால் காட்டினேன். அப்படிக் காட்டும்போதுதான், நானும் அத்தானாகிவிட்டேன் என்று திடுக்கிட்டது. மைதானத்திலும் அதேதான். பந்து வரும், எனக்கு முன்னால் நிற்கிறவனுக்கு நான் வருவது தெரியாது, இரண்டு பேரும் ஒரே பந்துக்குப் போவோம், அல்லது இரண்டு பேருமே போகமாட்டோம். இரண்டு நாளில் சும்மா சும்மா நாலு கோல் வாங்கினேன்.

மூன்றாம் நாள் பயிற்சியாளர் என்னைக் கோட்டுக்கு வெளியே கூப்பிட்டார். குட்டையான, கழுத்தில்லாத மனிதர். எனக்கு விளங்கவேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

"கை நல்லது, கண் நல்லது. ஆனால் ஊமைக் கீப்பர் எனக்கு வேண்டாம். வெள்ளிக்கிழமை கடைசி ஆட்டம். அதில் உன் சத்தம் கேட்கவேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ."

கத்தினால் தமிழ் வரும். கத்தாவிட்டால் இடம் போகும். ஊரில் ஓயாமல் கத்துகிறவன் என்று பெயர் வாங்கியவன், அன்று பின்னேரம் கட்டிலில் குந்திக்கொண்டு என் வாயைப் பொத்தியபடி அழுதேன்.

அடுத்த கட்டிலில் இருந்தவன் பார்த்துவிட்டான். தெற்குக் கரையோரத்து மீனவர் வீட்டுப் பெடியன். நல்ல உயரம், எந்நேரமும் சிரிப்பு, நடுப் பின்வரிசையில் விளையாடுகிறவன். அவன் அணியில் வருவான் என்று முப்பது பேரில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஒன்றும் கேட்காமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த தகரப் பேணியைத் திறந்து எனக்கு ஒரு கொக்கிஸ் பலகாரம் தந்தான். அவனுக்கும் அரைகுறை ஆங்கிலம், எனக்கும் அரைகுறை ஆங்கிலம், இரண்டையும் சேர்த்தாலும் ஒன்று வராது. ஆனாலும் என் பிரச்சினையை அவன் விளங்கிக்கொண்டான்.

மண்டபத்துப் படியில் இருந்துகொண்டு எனக்கு நாலு சிங்களச் சொல் பழக்கினான். மகே என்றால் 'என்னுடையது', பந்தை நான் எடுக்கிறேன். கஹன்ன என்றால் 'அடி'. யன்ன என்றால் 'போ'. இன்ன என்றால் 'நில், நிற்கிற இடத்திலேயே இரு'. "நாலு சொல் போதும். ஒரு கீப்பருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?" என்றான். 'இன்ன' சொல்லும்போது உதட்டை நன்றாக இழுக்கச் சொன்னான். ஏனென்றால் சிங்களத்தில் 'என்ன' என்றும் ஒரு சொல் இருக்கிறது. அதற்கு 'வா' என்று அர்த்தம்.

அதைச் சொல்லிவிட்டு அவனே விழுந்து விழுந்து சிரித்தான். நான் அன்று பின்னேரம் அவனோடு கதைத்த கொஞ்ச நஞ்ச ஆங்கிலத்துக்கும் கடைசியில் ஒரு 'என்ன' போட்டிருக்கிறேன். தண்ணீர் தா, என்ன. தாங்க்யூ, என்ன. "எந்த நேரமும் என்னை வா வா என்கிறாய். பக்கத்தில்தானே இருக்கிறேன், இன்னும் எங்கே வர?" என்று கேட்டான். இது உங்களுடைய என்ன இல்லை, எங்களுடைய என்ன என்று விளக்கினேன். அதன் பிறகு என் வாயில் 'என்ன' வந்தால் போதும், பகிடிக்கு இரண்டு அடி எடுத்து வைத்து என் முகத்துக்கு நேரே வந்து நிற்பான். நானும் சிரிப்பேன். அந்தக் கிழமையில் நான் பயமில்லாமல் இருந்தது அந்தப் படியில் மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கடைசி ஆட்டம். முப்பது பேரையும் இரண்டாகப் பிரித்தார்கள். அவன் எனக்கு முன்னால், என் அணியிலேயே விளையாடினான். முதல் பாதி முழுவதும் நாலு சொல்லையும் மாறி மாறிக் கத்தினேன். கோட்டோரம் நின்ற பயிற்சியாளர் தலையாட்டுவது தெரிந்தது. யாரும் என்னைத் திரும்பிப் பார்த்து முறைக்கவில்லை. பந்தும் என் கைக்கு வந்து ஒட்டிக்கொண்டது. இடைவேளையில் அவன் என் முதுகில் தட்டி, "இப்போது நீ என்னை விட நல்லாய்ச் சிங்களம் பேசுகிறாய்" என்றான்.

இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும். வலது பக்கத்திலிருந்து ஒருவன் பந்தை உயர்த்தி அடித்தான். அது என் பந்து, எனக்குச் சந்தேகமே இல்லை. எதிர்ப் பக்கத்து உயரக்காரன் ஒருவனை என் நண்பன் ஒட்டி நின்று பிடித்துக்கொண்டிருந்தான். அவன் அங்கேயே நின்றால் போதும். "மகே!" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடினேன். அவன் தலை திரும்புவதைக் கண்டேன். "இன்ன!" என்றேன், தொண்டை கிழிய. அதோடு நிறுத்தியிருக்கலாம். பிறந்த நாளிலிருந்து வாயில் ஊறிய சொல், கேட்காமலே பின்னால் வந்து விழுந்தது.

"இன்ன, என்ன!"

நில், வா. அவன் வந்தான்.

பிடித்திருந்தவனை விட்டுவிட்டு முழு வேகத்தில் வந்தான். நான் பாய்ந்தபோது என் முழங்கால் அவன் முகத்தில் இடித்தது. பந்து என் நெஞ்சில் விழுந்தது, கட்டிப் பிடித்துக்கொண்டு விழுந்தேன். விசில் ஊதியது. கண்ணைத் திறந்தால் அவன் எனக்குப் பக்கத்தில் முழங்காலில் இருக்கிறான், புருவம் பிளந்து இரத்தம் மூக்கு வழியாக ஓடி அவன் வெள்ளைச் சட்டையில் இறங்குகிறது. என் கையிலும் இரத்தம்.

எல்லாரும் ஓடிவந்து சுற்றி நின்றார்கள். பின்னாலிருந்து யாரோ மெல்லிய குரலில் "தெமளா" என்றது காதில் விழுந்தது. தமிழன் என்று அர்த்தம், அவ்வளவுதான், வைததாகக்கூட இருக்காது. ஆனால் எனக்கு அத்தானின் வாய்தான் நினைவுக்கு வந்தது, அந்த இரண்டு பல் இல்லாத இடம். பந்தை விட எனக்குக் கை வரவில்லை. பந்தை வைத்திருக்கும்வரை நான் கீப்பர், விட்டால் வேறு யாரோ என்று பட்டது.

பயிற்சியாளர் அவனைத்தான் முதலில் கேட்டார். ஏன் பிடித்த ஆளை விட்டுவிட்டு வந்தாய்? அவன் புருவத்தைப் பொத்திக்கொண்டு என்னைக் காட்டிச் சொன்னது எனக்கு முழுதாக விளங்கியது. "இவன் கூப்பிட்டான். 'என்ன' என்றான்."

பயிற்சியாளர் என் பக்கம் திரும்பினார். "நீ சொன்னது எது?"

ஒரே ஒரு சொல்லை விளக்கவேண்டும். எங்கள் ஊரில் இப்படி ஒரு பழக்கம் இருக்கிறது, பிழை என்னுடையது, அவன் மேல் குற்றமில்லை என்று சொல்லவேண்டும். அவ்வளவு ஆங்கிலம் என்னிடம் இருந்தது, இல்லை என்று இப்போது பொய் சொல்லமாட்டேன். ஆனால் சொல்வதென்றால் அந்தச் சொல்லைத் தமிழ்ச் சொல் என்று சொல்லவேண்டும், என் தமிழால்தான் இந்த இரத்தம் என்று அந்த வட்டத்துக்கு நடுவில் நின்று சொல்லவேண்டும். பதினெட்டுப் பேரில் ஓர் இடமும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. பயம் மட்டும் என்று சொன்னால் அதுவும் பொய்.

"இன்ன" என்றேன். அவன் பழக்கித் தந்தபடியே, உதட்டை நன்றாக இழுத்து.

பொய்யல்ல. அதையும்தான் சொன்னேன்.

"சரியான சொல்" என்றார் பயிற்சியாளர். என் தோளில் தட்டினார். அவனுக்குச் சிங்களத்தில் நீளமாக ஏதோ ஏசினார். பிடித்த ஆளை விட்டவன், கீப்பரின் பந்துக்குள் புகுந்தவன், சொன்னதைக் கேட்கத் தெரியாதவன் என்கிற அளவுக்கு எனக்கு விளங்கியது.

அவன் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். அவனுக்கு எங்கள் 'என்ன' தெரியும். படியில் இருந்து சிரித்தவன் அல்லவா. வாயைத் திறந்தான். பிறகு என்னைச் சுற்றி நின்ற முகங்களை ஒரு தரம் பார்த்தான், நான் பந்தை இறுக்கிப் பிடித்திருந்ததையும் பார்த்தான். திறந்த வாயை மூடிக்கொண்டு, புருவத்துக்குத் தையல் போட நடந்து போய்விட்டான்.

சனிக்கிழமை காலையில் மண்டபத்துக் கதவில் பட்டியலை ஒட்டினார்கள். பதினெட்டுப் பெயர்கள், சிங்கள எழுத்தில். எல்லாரும் முண்டியடித்தார்கள், நான் பின்னால் நின்றேன். முன்னால் போயிருந்தாலும் என் பெயரை என்னால் வாசிக்க முடியாது. பக்கத்தில் வந்து நின்றது அவன்தான், புருவத்தில் பிளாஸ்திரி. என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னால் போனான். விரலை மேலிருந்து கீழே ஓடவிட்டு, கடைசிக்கு முந்திய வரியில் நிறுத்தினான்.

"இது நீ."

"உன்னுடையது?" என்று கேட்டேன். விரல் மறுபடி மேலே போனது. ஒவ்வொரு வரியாக இறங்கியது. கடைசி வரிக்குக் கீழே வெறும் கடதாசிக்கு வந்ததும், கையை எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

பின்னேரம் என்னைக் கூட்டிப் போக அப்பா வந்தார். அவன் என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம்வரை வந்தான், வேண்டாம் என்று நான் எத்தனை தரம் சொல்லியும் விடவில்லை. அப்பா இடம் பிடிக்க முன்னால் ஓடிவிட்டார். அவன் பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"இன்னவா, என்னவா?"

சுற்றி யாருமில்லை. பயிற்சியாளர் இல்லை, வட்டம் இல்லை, பட்டியல் ஒட்டி முடிந்துவிட்டது. அந்த நேரத்தில்கூட என் வாய் "இன்ன" என்றுதான் சொன்னது.

"அப்படியென்றால் என் காதுதான் பழுது" என்றான். சிரித்தான், தையல் இழுத்ததோ என்னவோ பாதியில் நிறுத்திவிட்டான். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து என் கையில் வைத்தான். அவன் வீட்டு விலாசம், ஆங்கிலத்தில் பெரிய பெரிய எழுத்துகளில். பிறகு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னான். "அபே கெதர என்ன." எங்கள் வீட்டுக்கு வா.

"இப்போது சரியாகக் கேட்டதா?" என்றான்.

தலையை ஆட்டினேன். வாயைத் திறக்கவில்லை.

வெளிநாட்டுக்குப் போனேன். நாட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு எல்லா ஆட்டத்துக்கும் மாற்று ஆட்டக்காரரின் வாங்கில் இருந்தேன், ஒன்றிலும் இறக்கவில்லை. திரும்பி வந்ததும் அப்பா அந்தச் சட்டையைத் துறைமுகம் முழுவதும் கொண்டுபோய்க் காட்டினார். அம்மா படலையில் நின்று திருநீற்றை அள்ளிப் பூசினாள். அத்தான் மட்டும் என்னைத் தனியே கூப்பிட்டு, "வாயைத் திறக்கேல்லைத்தானே?" என்று கேட்டார். "இல்லை அத்தான்" என்றேன். "கெட்டிக்காரன்" என்றார்.

அந்தத் துண்டு என்னிடம் இருந்தது. முதல் இரண்டு வருடம் வெட்கத்தில் போகவில்லை. அதன் பிறகு நாடு போன போக்கில், பயத்தில் போகவில்லை. இப்போதும் வீட்டில் யாராவது "கவனம், என்ன" என்றால், எனக்கு முன்னால் ஒருவன் திரும்பி ஓடி வருகிறான்.